பாய் உட்காராத நாற்காலி

கம்ப்யூட்டர் பாய் எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தால், முதல் வேலையாக யாரையாவது நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவார். "கொஞ்சம் எந்திரிங்க, நான் உக்காரணும்." சௌக்கியமா, டீ குடிச்சாச்சா எல்லாம் அதற்கப்புறம்தான். எழுந்தவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பாய் உட்கார்ந்து, நாற்காலி எவ்வளவு உயரம், மவுஸ் எந்தக் கைப்பக்கம், காலை நீட்டினால் எங்கே போய் இடிக்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் திரையையே பார்ப்பார். வேலை முடிந்ததும் கைக்குட்டையால் கீபோர்டைத் துடைப்பார். மவுஸை இருந்த இடத்தில் வைப்பார். நாற்காலியை இருந்தபடியே திருப்பிவிட்டு எழுந்திருப்பார். ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன தடமே இருக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்தேன். வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆர்டரை ஃபாக்ஸிலிருந்து பார்த்து கம்ப்யூட்டரில் அடிப்பது என் வேலை. எந்த சைஸில் எத்தனை ஜோடி என்று நான் அடித்து வைப்பதைப் பார்த்துத்தான் உள்ளே தோல் வெட்டுவார்கள். முதலில் ஆபீசுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் வந்தது, அதுவும் என் மேஜைக்கு. பாய்தான் போட்டுக்கொடுத்தார். பிறகு ஏழெட்டு ஆகிவிட்டது. ஃபிளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேஜை மேஜையாக அலைந்துகொண்டிருந்தோம். பாயே மறுபடி வந்து, சுவரோரமாக நீல வயர் இழுத்து எல்லா மிஷினையும் இணைத்தார். அக்கவுண்டன்டின் மிஷினில் ஒரு ஃபோல்டர். அதில் போட்டுவைத்த ஃபைலை யார் வேண்டுமானாலும் அவரவர் மேஜையிலிருந்தே திறக்கலாம். எங்களுக்கு அது பெரிய அதிசயம்.

பாய் மேல்விஷாரத்துக்காரர். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் ஊர்கள் முழுக்க அவருக்கு வாடிக்கை. கழித்துப்போட்ட தோல் துண்டுகளை ஒட்டித் தைத்த பை ஒன்று தோளில் தொங்கும். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு. அடக்கமானவர் என்று சொல்ல மாட்டேன். "பாலாத்துக்கு இந்தப் பக்கம் நெட்வொர்க்னா என்னைத்தான் கூப்பிடணும்" என்று அவரே சொல்லிக்கொள்வார். கோபமும் ஜாஸ்தி. யாராவது "பாய், எனக்கு ஃபைல் திறக்கல" என்று ஆரம்பித்தால் முழுதாகக் கேட்க மாட்டார்.

"அத அப்புறம் சொல்லுங்க. யாருக்குத் திறக்குது?"

இதுதான் அவருடைய முதல் கேள்வி. எனக்குத் திறக்கவில்லை என்று புலம்புகிறவரிடம் போய் யாருக்குத் திறக்கிறது என்று கேட்டால் எரிச்சல் வருமா வராதா? பாய்க்கு அதைப் பற்றிக் கவலையில்லை. திறக்கிறவர் யார் என்று தெரிந்துகொண்டு, அவரை விட்டுவிடுவார். திறக்காதவர்களின் நாற்காலியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்துகொண்டே போவார். "நின்னுக்கினு பாத்தா மிஷின்தான் தெரியும். உக்காந்தாதான் அந்த ஆளு இன்னா பண்றாருன்னு தெரியும்" என்பார்.

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு தோல் ஷாப்பில் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அங்கே ஒரு குமாஸ்தாவின் மிஷின் மட்டும் அடிக்கடி இணைப்பு அறுந்துபோகுமாம். வயரை மாற்றினார், கார்டை மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் குமாஸ்தாவை எழுப்பிவிட்டு ஒரு காலை முழுக்க அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம். கால் வலித்தது. மேஜைக்கடியில் காலை நீட்டினார். வசதியாக ஏதோ மேல் போய் உட்கார்ந்தது. பார்த்தால் வயர் சொருகியிருக்கிற முனை! குமாஸ்தாவுக்கு அதுதான் வருடக்கணக்காகக் கால்வைக்கும் பலகை. "அந்தாளு அசந்து காலை நீட்டுனா நெட்வொர்க் போயிடும், கணக்கு சரியா வரலன்னா காலை மடக்குவாரு, நெட்வொர்க் வந்துடும்" என்று சொல்லிவிட்டு பாய் சிரிக்கிற சிரிப்பில் தோள்பை குலுங்கும்.

எங்கள் ஆபீசிலும் ஒரு பேஜார் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியமானால் எந்த ஃபைலும் திறக்காது. பாய் வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் திறக்கும். ஏனென்றால் அவர் வருவதே ஜும்மா தொழுகை முடித்துவிட்டுத்தான். நாலைந்து வெள்ளிக்கிழமை இப்படியே போனது. மேனேஜர் கிண்டல் பண்ண ஆரம்பித்துவிட்டார். "பாய் பள்ளிவாசலுக்குப் போனா நெட்வொர்க்கும் கூடவே போகுது."

அடுத்த வாரம் பாய் எனக்கு போன் பண்ணினார். "எஸ்தர்ம்மா, அந்த நேரத்துல நான் வர முடியாது. நீங்க சர்ச்சுக்காரங்க, ஆபீஸ்லதான இருப்பீங்க? எனக்காக ஒவ்வொரு சீட்டா உக்காந்து பாருங்க."

அந்த வெள்ளிக்கிழமை மதியம் நான் பாயாகிவிட்டேன். ஆபீசில் பாதிப்பேர் தொழுகைக்குப் போயிருந்தார்கள். காலி நாற்காலிகளில் ஒன்றொன்றாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே அக்கவுண்டன்ட் மேஜைக்கு வந்தேன். அங்கே கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட வெல்வெட் உறை போட்டிருந்தது. அவர் வீட்டம்மா தைத்துக் கொடுத்தது. உறையைத் தூக்கினால் மிஷின் செத்துக் கிடந்தது. தொழுகைக்குக் கிளம்பும் முன் விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். கூடவே கம்ப்யூட்டரையும் பத்திரமாக அணைத்து, உறையும் போட்டுவிடுவார். எல்லாருடைய ஃபைலும் அந்த மிஷினுக்குள்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.  சாயங்காலம் போனில் சொன்னதும் பாய், "அல்லா! அவரும் நானும் ஒரே நேரத்துக்குக் கெளம்புறோம், ஒரே நேரத்துக்குத் திரும்புறோம். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

முதலாளியை எல்லாரும் ஹாஜி சாப் என்று கூப்பிடுவோம். பச்சைத் தோல் வாங்கி விற்ற காலத்திலிருந்து மேலே வந்தவர். தோலைக் கையால் தடவியே தரம் பிரித்து, சின்னது பெரியது என்று அடுக்கி அடுக்கிப் பழகியவர். அவர் அறையிலும் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். மூடும்போது மாற்றங்களைச் சேமிக்கட்டுமா என்று அது கேட்கும். இவர் யோசிக்காமல் 'யெஸ்' அமுக்கிவிடுவார். பாய் ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்.

"அது மரியாதையா கேக்குது பாய். மூஞ்சில அடிச்ச மாதிரி நோன்னு எப்படிச் சொல்றது?" என்றார் ஹாஜி சாப்.

இதையெல்லாம் எழுதும்போது சிரிப்பாக வருகிறது. அந்த ஆபீசில் எனக்கு மட்டும் சிரிக்க முடியாத ஒரு சங்கடம் இருந்தது. ஒரு ஃபைலை ஒருவர் திறந்து வைத்திருந்தால், இன்னொருவர் திறக்கும்போது, இதை இன்னார் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று திரையில் பெயரோடு வரும். எங்கள் ஆபீசில் எப்போது வந்தாலும் என் பெயர்தான் வரும்.

"எஸ்தர், ஃபைலை மூடும்மா!" ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தச் சத்தம் வரும் என்று சொல்ல முடியாது. நான் அவசரமாக எல்லாவற்றையும் மூடுவேன். அப்படியும் திறக்கவில்லை என்பார்கள். நானே ஒரு ஃபைலைத் திறந்தால், எஸ்தர் வைத்திருக்கிறாள் என்று எனக்கே சொல்லும். எங்கேயோ இரண்டுமுறை திறந்து தொலைத்திருக்கிறேன் போல என்று என்னையே திட்டிக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். அதனால் பாய்க்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்னுடைய கவனக்குறைவை நானே எதற்கு ஊருக்குச் சொல்ல வேண்டும்?

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. ஜெர்மனி பையருடையது, அந்த வருடத்தின் பெரிய ஆர்டர். ஃபாக்ஸைப் பார்த்து செவ்வாய்க்கிழமை அடித்தேன், இரண்டு தடவை சரிபார்த்தேன், மூடினேன். அடுத்த வாரம் உள்ளே தோல் வெட்டி முடித்துவிட்டார்கள். பையரின் ஆள் சோதனைக்கு வந்தார். 39 என்கிற சின்ன சைஸ் மலைபோலக் குவிந்து கிடந்தது. அதிகம் விற்கிற 42 கைப்பிடி அளவுதான் இருந்தது. மொத்த எண்ணிக்கை சரி, சைஸ்தான் தலைகீழ். வெட்டிய தோலை இனி ஒட்ட முடியாது.

மேனேஜருக்கு ஃபைலின் விவரத்தைப் பார்க்கத் தெரியும். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. கடைசியாகச் சேமித்தவர் எஸ்தர், வியாழக்கிழமை சாயங்காலம் என்று போட்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் நான் தொடவே இல்ல சார்" என்றேன்.

"தப்பு பண்ணா பண்ணேன்னு சொல்லு, மனுஷன் மன்னிப்பான். பொய் சொன்னா இன்னா பண்றது? மிஷின் பொய் சொல்லுமா?"

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலை போவது ஒரு பக்கம். ஆம்பூரில் ஒரு கம்பெனி மேனேஜரும் இன்னொரு கம்பெனி மேனேஜரும் தினம் பேசிக்கொள்கிறவர்கள். ஆர்டரைக் கெடுத்துவிட்டுப் பொய்யும் சொன்னவள் என்று பெயர் வந்துவிட்டால், பிறகு எந்த கம்பெனி வாட்ச்மேனும் எனக்கு கேட்டைத் திறக்க மாட்டான். எங்கள் வீட்டில் அப்போது என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, அப்படியே மூடி வைத்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாரும் திடீரென்று ரொம்ப வேலையாக இருந்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. பாயை மேனேஜர் வரவழைத்திருந்தார். வந்தவரிடம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "இந்தப் பொண்ணு மிஷினுக்கு ஃபோல்டர் தெரியாத மாதிரி மூடிடுங்க பாய். அதுக்கு முன்னாடி அதுல உக்காந்து வேற இன்னா பண்ணி வச்சிருக்கான்னு பாருங்க."

பாய் நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டார். ஃபைலின் விவரத்தையும் பார்த்தார். பிறகு என் மேஜைப் பக்கம் வந்தார். நான் பழக்கதோஷத்தில் எழுந்து நாற்காலியைப் பின்னால் இழுத்து விட்டேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. என்னைத் தாண்டிப் போய்விட்டார். முந்தின நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. எவன் குமாஸ்தாவாக இருந்தாலும் அவன் நாற்காலியில் உட்காருகிற மனுஷன், என் நாற்காலியைத் தொட மாட்டேன் என்கிறாரே என்று இருந்தது.

பாய் நேராக மேனேஜருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மேனேஜர் நின்றார். பாய் அந்த ஆர்டர் ஃபைலைத் திறந்து, மூடாமல் அப்படியே விட்டுவிட்டு, அக்கவுண்டன்டை எழுப்பி அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே அதே ஃபைலைத் திறந்தார். இதை எஸ்தர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று வந்தது.

"பாத்தீங்களா! இப்பக்கூடத் திறந்து வச்சிருக்கா!" என்று மேனேஜர் கத்தினார்.

"எஸ்தர்ம்மா, உங்க மிஷினை ஆஃப் பண்ணிட்டு, பிளக்கையும் புடுங்கிட்டு, இங்க வந்து நில்லுங்க."

அப்படியே செய்துவிட்டு வந்து நின்றேன்.  பாய் மறுபடி திறந்தார். எஸ்தர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று மறுபடி வந்தது. நான் எல்லாருக்கும் நடுவில் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தேன். என் மிஷின் இருண்டு கிடந்தது.

"இந்த மாதிரி எத்தினி நாளா வருது?" பாய் என்னைத்தான் கேட்டார்.

"ஆரம்பத்துலருந்தே வருது பாய்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என் தப்புன்னு நெனச்சேன்."

பாயின் காது சிவந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்தார், கீபோர்டைத் துடைக்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விறுவிறுவென்று ஹாஜி சாப் அறைக்குள் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"ஹாஜி சாப், உங்க சீட்ல கொஞ்சம் உக்காரணும்."

அந்த நாற்காலியில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. அவருடைய மகன்கூட எதிரில்தான் உட்காருவான். ஹாஜி சாப் ஒரு நிமிடம் பாயைப் பார்த்தார், பிறகு எழுந்துகொண்டார். பாய் உட்கார்ந்து புதிதாக ஒரு ஃபைலைத் திறந்து, 'பிஸ்மில்லா' என்று ஒரு சொல் அடித்து, சேமித்து, அதன் விவரத்தைக் காட்டினார். கடைசியாகச் சேமித்தவர்: எஸ்தர்.

"தப்பு என்னுது ஹாஜி சாப்" என்றார் பாய். "மொத மிஷின் போட்டப்ப பேரு இன்னான்னு அது கேட்டுச்சு. இந்தம்மாதான் உக்காந்திருந்தாங்க, அவங்க பேரைப் போட்டேன். மத்த மிஷின் எல்லாத்தையும் அதுலருந்து அப்படியே காப்பி எடுத்துப் போட்டேன். பேரை மாத்தணும்னு எனக்குத் தோணவே இல்ல. இந்த ஆபீஸ்ல எல்லா மிஷினுக்கும் பேரு எஸ்தர்தான். வியாழக்கிழமை எந்த எஸ்தர் சேவ் பண்ணுச்சுன்னு அதால சொல்ல முடியாது."

ஹாஜி சாப் ஆர்டர் ஃபைலைத் திறக்கச் சொன்னார். குனிந்து சைஸ் பத்தியை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். 39, 40, 41, 42 என்று அழகாக வரிசையாக இருந்தது.

"ஃபாக்ஸ்ல இப்படி வராது ஹாஜி சாப்" என்றேன். "அவங்க ஜாஸ்தி போற சைஸைத்தான் மொதல்ல போடுவாங்க. 42தான் மேல இருக்கும். நான் அப்படித்தான் அடிச்சேன்."

"தெரியும்மா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "கலைஞ்சு கெடக்கேன்னு நான்தான் சின்னதுலருந்து பெருசா அடுக்குனேன். சைஸ் மட்டும் நகர்ந்துச்சு, எண்ணிக்கை அங்கேயே நின்னுடுச்சு போல. சேமிக்கட்டுமான்னு கேட்டுச்சு. யெஸ்ஸுன்னேன்."

அவர் எல்லார் முன்னாலும் என்னிடம், "மனசுல வச்சுக்காத, திங்கக்கெழமை வேலைக்கு வந்துடு" என்று சொன்னார். மேனேஜர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றுவரை அந்த ஆள் என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. தோலுக்கு மறுபடி ஏற்பாடு செய்து, தாமதத்துக்கு பையரின் காலைப் பிடித்து, ஆர்டர் எப்படியோ போய்ச் சேர்ந்தது.

பாய் அன்றே மிஷின் மிஷினாகப் போய், அங்கே உட்காருகிறவரையே கூப்பிட்டு, அவரவர் பெயரை அவரவர் கையாலேயே அடிக்க வைத்தார். ஹாஜி சாப் ஒற்றை விரலால் தேடித் தேடித் தன் பெயரை அடித்தார். அதற்கப்புறம் "எஸ்தர், ஃபைலை மூடும்மா" என்ற சத்தம் அந்த ஆபீசில் கேட்கவே இல்லை. முதல் வாரம் அந்த நிசப்தம் எனக்கு விசித்திரமாக இருந்தது.

அந்த வருடக் கடைசியில் மேனேஜர், நெட்வொர்க் வேலையை வேலூரிலிருந்து டை கட்டிக்கொண்டு வருகிற ஒரு கம்பெனிக்கு மாற்றிவிட்டார். "ஆரம்பத்துலயே ஒழுங்கா போட்டிருந்தா இவ்ளோ நஷ்டம் வந்திருக்குமா?" என்று கேட்டாராம். அதில் பொய்யில்லை, பாயே ஒப்புக்கொண்டதுதான். ஆனால் பாய் ஒப்புக்கொண்டிருக்காவிட்டால் அது யாருக்குமே தெரிந்திருக்காது. ஹாஜி சாப் ஏன் தடுக்கவில்லை என்று எனக்கு இன்னும் கோபம் உண்டு.

பாஸ்வேர்டுகளை ஒப்படைக்க பாய் கடைசியாக ஒருநாள் வந்தார். அன்று அவர் யாரையும் எழுப்பவில்லை. வெளியாட்கள் உட்காருவதற்காக என் மேஜைக்கு எதிரில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். அவருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்தது வேறு.

"அன்னிக்கு எல்லார் சீட்லயும் உக்காந்தீங்க பாய். ஹாஜி சாப் சீட்லகூட உக்காந்தீங்க. நான் எந்திரிச்சு நின்னும் என் சீட்ல மட்டும் உக்காரலியே, ஏன்? நீங்களும் என்னைச் சந்தேகப்படுறீங்கன்னு நெனச்சு அழுதேன், தெரியுமா?"

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுப் போனார்.

"தப்பு இருக்குற சீட்லதான எனக்கு வேலை?" என்றார். "ஃபைல்ல அந்தப் பேரைப் பாத்ததுமே, நான் போட்ட பேராச்சே, வேற எந்த சீட்ல இருக்குன்னுதான் பாக்கத் தோணுச்சு. உங்க சீட்ல எஸ்தர்னு பேரு இருந்துச்சு. எஸ்தர்தான் உக்காந்திருந்தாங்க. ஆபீஸ்லயே சரியா இருந்த சீட்டு அது ஒண்ணுதாம்மா. அங்க நான் எதுக்கு உக்காரணும்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியை இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.